முற்றிலும் உடன்பட்ட பன்னிரண்டு வீடுகள்

எங்களை வீட்டை விட்டுக் கிளப்பப் போகிறார்கள் என்று தெரிந்த அதே வாரத்தில்தான் எனக்கு இனவாதத்தை அளக்கிற வேலை கிடைத்தது. அப்போது கண்டியில் அஸ்கிரியப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், மாநகர சபையில் வேலை பார்க்கிற என் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள், மூன்றே பேர். ஒன்பது வருடத்தில் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லை. அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினான். கூரையைப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறேன், இரண்டு மாதத்தில் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கண்டியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போன் எடுத்தால் வீடு இருக்கிறது என்பார்கள். பிறகு பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் அந்த வீடு அப்போதுதான், அந்த நிமிடத்தில்தான், வேறு யாருக்கோ போயிருக்கும். முதல் வாரத்திலேயே என் பெயரைச் சொல்லி ஆறு வீடுகளை மறைய வைத்தேன். மந்திரவாதிக்குக்கூட மேலே போட ஒரு துணி வேண்டும், எனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கணக்கெடுப்பு வேலையில் நான் பழைய ஆள். பற்பசை, பால்மா, டெங்கு நுளம்பு, எதை அளக்கச் சொன்னாலும் வீடு வீடாகப் போய் அளந்து கொடுத்திருக்கிறேன். இந்த முறை கொழும்பிலிருந்து வந்த ஒரு ஆய்வுக் குழு, ஆட்களுக்குள் இனவாதம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னது. முந்தைய தடவை அவர்கள் எடுத்த கணக்கெடுப்பை வைத்துப் பெரிய சண்டையே நடந்திருந்தது. ஒரே அட்டவணையைப் போட்டு ஒரு பேப்பர் இந்த நாட்டில் இனவாதம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று எழுதியது. இன்னொரு பேப்பர் அது ஊற்றெடுத்து ஓடுகிறது என்றது. வானொலியில் ஆட்கள் போன் பண்ணி, தங்களுக்கு எல்லா இனத்திலும் கூட்டாளிகள் உண்டு என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அந்தக் கூட்டாளிகளின் இனத்தைத் திட்டினார்கள். நான் மத்தியானம் மரக்கறி வெட்டிக்கொண்டே அதையெல்லாம் கேட்டு ரசித்தவள்.

பயிற்சி, வாவிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாடம் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்கள், மூன்று மொழியிலும் சண்டை போடக்கூடியவர்கள். வயதானவருக்கு நான் சம்பவக்காரர் என்று பெயர் வைத்தேன். யார் யாரைத் தள்ளினார், யார் யாரைத் திட்டினார், எந்த அரசாங்கக் கந்தோரில் யாரைக் காக்க வைத்தார்கள், இப்படி நடந்த சம்பவத்தை மட்டும்தான் எண்ண முடியும், மனசுக்குள் கிடப்பதை எண்ண முடியாது என்பது அவருடைய கட்சி. மற்றவர் என் வயதுப் பெண், கண்ணாடி போட்டவர். நடந்ததை மட்டும் எண்ணினால், வம்பு வராமல் ஒதுங்கி ஒதுங்கியே வாழ்கிற ஆளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதானே விழும், ஆகவே மனசைத்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. எங்களுக்குப் பயிற்சி கொடுப்பதை மறந்து அவர்கள் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருபது பேர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் கண்ணாடிக்காரி ஜெயித்த ஒரு கேள்வி பட்டியலில் ஏறியது. வேறு இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு என் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதிப்பேன் என்று நாங்கள் வாசிக்க வேண்டும். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, முற்றிலும் உடன்படவில்லை என்பதுவரை ஐந்து பதில்கள். அதில் ஒன்றை, அவர்கள் தந்த டெப் என்கிற கைக்கணினியின் திரையில் தட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளைக்கு முன்னால் யார் மாட்டேன் என்று சொல்வார்கள், இது இனவாதத்தை அளக்கிற கேள்வி இல்லை, மரியாதையை அளக்கிற கேள்வி என்று சம்பவக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் வாய் சும்மா இருக்காது. கையைத் தூக்கி, வாடகைக்குக் கொடுக்க இடமே இல்லாதவர்கள் இதற்கு என்ன சொல்வது என்று கேட்டேன். இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள் என்றார் கண்ணாடிக்காரி. இல்லாத மாடியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் எனக்குப் பொறி தட்டியது. மாடி இருக்கிறவர்களும் இருப்பார்களே. அந்த மாடி காலியாகவும் இருக்குமே.

ஒரு மாதம் அம்பிட்டிய, கட்டுக்கலை, கட்டுகஸ்தோட்டை என்று நடந்தேன். இனவாதம் என்றால் என்ன என்று முதலில் ஒரு வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த வரைவிலக்கணம் ஒரே வாக்கியம். அது முடிவதற்குள் வீட்டுக்காரர்கள் ஒரு தடவை கொட்டாவி விட்டு, ஒரு தடவை அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். முடித்ததும் பெரும்பாலானவர்கள் ஏதோ கடன் கேட்க வந்தவளுக்குப் பதில் சொல்கிற மாதிரி, நம்ம வீட்டில் அது இல்லை, வேண்டுமானால் அடுத்த வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அடுத்த வீட்டிலும் இல்லை. தேத்தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று இன்னொரு விதி. அந்த விதியை உண்டாக்கியவர் கண்டிக்கு வந்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாடகைக் கேள்வி வந்ததும் முகங்கள் எல்லாம் மலர்ந்துவிடும். முற்றிலும் உடன்படுகிறேன். தட்டினேன், தட்டினேன், விரல் தேயத் தட்டினேன். அதற்குப் பிறகு, முகத்தை அரசாங்க முகமாக வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை நானாகவே கேட்பேன். இந்த வீட்டில் பாவனையில் இல்லாத மாடியோ அறையோ உண்டா. உண்டு என்றால் எத்தனை அறை. வாசல் தனியா. குழாய்த் தண்ணீரா, கிணறா. ஒரு அம்மா மட்டும் இனவாதத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எல்லாம் கொழும்பில் கேட்கச் சொல்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டேன். அவரும் பெருமூச்சு விட்டார்.

பிடித்த விலாசங்களை மகளின் பழைய சமயக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மாதம் முடிகிறபோது காலி மாடியும் முற்றிலும் உடன்பாடும் சேர்ந்த வீடுகள் பன்னிரண்டு இருந்தன. நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். வீடுகளில் சொன்னதை வெளியே பாவிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் பிள்ளையையும் சாமான்களையும் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கப் போகிறவளுக்குப் பன்னிரண்டு பேர் வாயால் சம்மதம் என்று சொன்ன பட்டியல் கையில் இருக்கிறது. சும்மா விட்டுவிட நான் என்ன சாமியாரிணியா. பன்னிரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் தூரம் என்று எழுதியிருந்தேன், அதை விட்டு மற்றப் பதினொன்றுக்கும் புறப்பட்டேன். டெப் இல்லை, கழுத்தில் அட்டை இல்லை, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு போனேன்.

அம்பிட்டியவில் ஒரு சிங்கள அம்மா, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். கேள்வி கேட்கப் போன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்டினால் எல்லாருக்கும் ஒரே நிற ரத்தம்தானே நங்கி என்று தங்கச்சி முறை வைத்துக் கண் கலங்கியவர். வீடு எனக்குத்தான் வேண்டும் என்றதும் மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் ஜாதகத்தில் சனி நடக்கிறதாம், அது விலகும்வரை மாடிக் கதவைத் திறக்கக் கூடாது என்று சாத்திரக்காரர் சொல்லியிருக்கிறாராம். எப்போது விலகும் என்று கேட்டேன். இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது என்றார். போகும்போது அவர் தோட்டத்துக் கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கொடுத்தார், நல்ல பழம்.

கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் ஒரு ஹாஜியார், புடவைக்கடை முதலாளி. அவர் கவலை சமையலறை. நாங்கள் பன்றி சமைப்பதில்லை என்றேன். நீங்கள் நல்ல ஆட்கள், எனக்குத் தெரியும், ஆனால் உங்களுடைய விருந்தாளிகள் வருவார்களே என்றார். எங்கள் விருந்தாளிகள் அவரவர் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு வருகிற வழக்கமில்லை என்று சொன்னேன். வாய் விட்டுச் சிரித்தார், மகளுக்கு ஒரு ரிபனும் கொடுத்தார், மாடியைக் கொடுக்கவில்லை.

மிச்சம் பல பேருக்கு ஒரே காரணம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரப் போகிறது. அந்த இரண்டு வாரத்தில் கண்டியைச் சுற்றி ஏழு வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வர ஆயத்தமாக இருந்தார்கள். இவ்வளவு பேர் உண்மையாகவே வந்து இறங்கினால் நாடு உருப்பட்டுவிடும் என்று என் கணவர் சொன்னார். அவர் அப்படித்தான், வயிறு எரிகிற நேரத்தில் சிரிக்க வைப்பார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, சண்டைதான் வந்தது.

ஏனென்றால் அதற்குள் வீட்டுக்காரர் மகன் ஆட்களைக் கூட்டி வந்து பின்பக்கத்து ஓடுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தான். சொன்ன இரண்டு மாதம் முடியவில்லையே என்று கேட்டதற்கு, முன்பக்கம் இருக்கிறதுதானே என்றான். குசினிக்கு மேலே வானம் தெரிந்தது. கண்டி மழை நேரம் பார்த்து வருகிற மழையா. சோற்றுப் பானைக்கு மேலே தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்துச் சமைத்தேன். மகள் முன்னறையில் புத்தகங்களை எல்லாம் கட்டிலுக்கு மேலே ஏற்றிவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தாள். இனிப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

பதினோராவது வீடு கட்டுக்கலையில். யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர், தனியாக இருக்கிறார். எனக்கு அந்த வீட்டில் நல்ல நம்பிக்கை. தமிழாள், சாமியறையில் நாங்கள் கும்பிடுகிற அதே பிள்ளையார், மச்சம் மாமிசம் என்ற பேச்சும் வராது. கதிரையில் உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார். மகளுடைய படிப்பை விசாரித்தார். எல்லாம் கனிந்து வருகிறது என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்கள் எந்த இடம்?" என்றார்.

"கண்டிதாங்க."

"அதுக்கு முதல்?"

"அம்மா அப்பாவெல்லாம் ஹேவாஹெட்டங்க."

"ஓ," என்றார். "தோட்டமோ."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, முகம் கோணவில்லை. கோப்பியைக் குடித்து முடியுங்கோ என்று அன்பாகவே சொன்னார். பிறகு, "குறை நினையாதேங்கோ பிள்ளை, இவர் ஆரையும் வைக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்," என்றார். இவர் என்று கை காட்டிய திசையில் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. செத்துப் போன மனுஷனுக்கு என் மேல் என்ன கோபம். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. மற்றப் பத்துப் பேரும் என்னைத் தமிழ்ப் பொம்பளை என்று வேண்டாம் என்றார்கள். இந்த அம்மா, தேயிலைத் தோட்டத்து வம்சம் என்று அதற்குள்ளும் ஒரு படி கீழே இறக்கி வைத்து வேண்டாம் என்றார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

இரண்டு நாளில் ஆய்வுக் குழுவிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். யார் போட்டுக் கொடுத்தது என்று யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும், முறைப்பாடு இருந்தால் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும் என்று அச்சடித்த துண்டை வைத்துவிட்டு வருவது விதி. எல்லா விதிகளையும் மீறிய நான் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன். கொய்யாப்பழம் தந்த அதிபர் அம்மா அந்த இலக்கத்துக்கு எடுத்து, உங்கள் பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் வீடு கேட்டு வந்தாள், அது உங்கள் கேள்வியில் சேர்ந்ததா என்று அப்பாவியாகக் கேட்டிருக்கிறார்.

வாவிக்கரை மண்டபத்தில் சம்பவக்காரரும் கண்ணாடிக்காரியும் மேசையில் மடிக்கணினிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன். மாதிரி என்ன மாதிரி, பிடிபட்டவள்தான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சமயக் கொப்பியையும் மேசையில் வைத்தேன்.

சம்பவக்காரர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், மனுஷன் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன் என்று மேசையில் அடித்தார். முற்றிலும் உடன்பட்ட வீடுகளுக்கு இவள் நேரே போய்க் கேட்டிருக்கிறாள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, இதைவிட வேறு என்ன அளவு வேண்டும், இந்தப் பெண்ணுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்றார். கண்ணாடிக்காரி, நன்றியா, நம்பி வாயைத் திறந்த ஆட்களை இவள் வேவு பார்த்திருக்கிறாள், இனி எந்த வீட்டில் நமக்குக் கதவு திறப்பார்கள் என்று கொதித்தார். அதோடு, இவள் கேட்டது வாடகைக்கு, மறுத்தவர்கள் இனத்துக்காக மறுத்தார்களா, பிள்ளை வருகிறது என்பதற்காக மறுத்தார்களா என்று எப்படித் தெரியும் என்றார். ஏழு பிள்ளைகளுமா என்று கேட்டார் சம்பவக்காரர். இருக்கலாமே என்றார் அவர்.

பிறகு யாழ்ப்பாணத்து ரீச்சரிடம் வந்து சிக்கிக்கொண்டார்கள். நம்முடைய கேள்வி வேறு இனம் என்றுதான் சொல்கிறது, இரண்டு பேரும் தமிழர், ஆகவே இது கணக்கில் வராது என்றார் சம்பவக்காரர். பட்டியலில் இந்தியத் தமிழருக்கு வேறு இலக்கம் இருக்கிறதே, அப்படிப் பார்த்தால் வரும் என்றார் கண்ணாடிக்காரி. அப்போதுதான் இரண்டு பேருக்கும் நான் எதிரில் நிற்பது ஞாபகம் வந்தது. நீங்கள் எந்த இலக்கம் என்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர், கூட்டங்களில் மலையகத் தமிழர், போலீஸ் பதிவில் வெறும் தமிழர், எது வசதியோ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். என்னை வீட்டுக்குள் எடுக்காதவர்கள் எல்லாரும் அந்த மேசையில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள், நான் ஒருத்திதான் நியாயக்காரி. வேலை போனாலும் பரவாயில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

கண்ணாடிக்காரி கொப்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பன்னிரண்டு விலாசம் இருக்கு. நீங்க பதினோரு வீட்டுக்குத்தான் போயிருக்கீங்க," என்றார்.

"மத்தது தூரம் மிஸ்."

அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் கண்டியின் வரைபடம், நான் போன வீடுகள் எல்லாம் சிவப்புப் புள்ளிகளாக. டெப் இருந்த இடத்தையெல்லாம் அது தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்கு நினைவிருக்கவில்லை. மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னேன். கட்டுகஸ்தோட்டையில் அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். இன்னொரு விரலை அக்குறணைக்குப் போகிற பாதையில் ஒரு புள்ளியில் வைத்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் இன்னொரு விரல் வைக்கக்கூட இடமில்லை.

"பன்னிரண்டுலயும் ஆகக் கிட்ட இருக்கிறது இதுதானே?"

அதுவரை என் வக்கீலாக இருந்த சம்பவக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். கண்ணாடிக்காரி அந்த வீட்டுப் பதில்களைத் திறந்தார். பெண், வயது அறுபத்திரண்டு, முஸ்லிம். வாடகைக் கேள்விக்கு முற்றிலும் உடன்படுகிறேன்.

அந்த வீட்டைப் பற்றி நான் இதுவரை ஒரு வரியும் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். கணவர் இறந்துவிட்டார், மகள் அக்குறணையில் கலியாணம் கட்டிப் போய்விட்டார், மேலே இரண்டு அறையும் குசினியும் பூட்டிக் கிடக்கின்றன. தனி வாசல், குழாய்த் தண்ணீர், வெயில் விழுகிற மொட்டை மாடி. கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ தந்தார். வாடகைக் கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள்ளேயே ஆமாம் என்றுவிட்டார். வெளியே வந்து கேட்டை மூடுகிறபோது என்ன நினைத்தேன் என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நம்ம சொந்தக்காரர்கள் வந்தால் இந்த வீட்டில் கை நனைப்பார்களா. விடியக் காலையில் பள்ளிவாசல் பாங்கு காதுக்குள் கேட்குமே. நாளைக்கு ஊரில் ஏதும் குழப்பம் வந்து இவர்கள் வீட்டுக்குக் கல் விழுந்தால், நம்ம தலையிலும் சேர்ந்து விழுமே. பஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்து, கொப்பியை எடுத்துத் தூரம் என்று எழுதினேன். என் கணவரிடம் அப்படி ஒரு வீடு இருப்பதாகவே சொல்லவில்லை.

இதை எந்தக் கேள்வியில் பிடிப்பது என்று சம்பவக்காரர் மெதுவாகக் கேட்டார். எதிலும் பிடிபடாது என்றார் கண்ணாடிக்காரி. வேண்டாம் என்று சொன்னவர்களைப் பிடிக்கலாம், கேட்கவே போகாதவர்களைப் பிடிக்கக் கேள்வி இல்லையே என்று இரண்டு பேரும் தலையை ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அன்றுதான். போகிற போக்கில், டெப்பை வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டோம் என்றார் கண்ணாடிக்காரி. நான் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு மனம் திருந்தி அந்த வீட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். வேறு வீடில்லாமல் போனேன் என்பதுதான் நிஜம். அன்று காலையில் குசினிச் சுவரையும் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பாதையால் போகிற மாத்தளை பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு என்ன சொல்வது என்று வழி முழுவதும் ஒத்திகை பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை நெருக்கடி, விலாசம் தொலைந்து போயிற்று. பதினோரு வீட்டில் வாங்கியதில் நல்ல நல்ல சாட்டெல்லாம் என் கையில் இருந்தது. எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்குள் கேட்டைத் தட்டிவிட்டேன்.

அவர் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து திறந்தார். டெப் எங்கே என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்டைக்கி பின்னேரமே வருவீங்கண்டு நெனச்சேன் மகள்," என்றார். "மாடியப் பத்திக் கேக்கக்குள்ள மட்டும் நீங்க அந்த மிசின்ல விரல் வைக்கல்ல. இந்தப் புள்ளைக்கு வீடு தேவைண்டு வெளங்கிட்டு. அதுக்குப் பொறகு ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. மாடிக்கி ஆள் ஈக்கிண்டு சொல்லி அனுப்பிட்டேன்."

நான் அந்தக் கேட்டை மூடிவிட்டு வந்த நாளிலிருந்து, பதினோரு வீட்டில் கையேந்தி, ஓடில்லாத குசினியில் நனைந்து, பஸ்ஸில் அழுது, எல்லாரையும் திட்டித் தீர்த்த அத்தனை நாளும் இந்த வீடு எனக்காகப் பூட்டிக் கிடந்திருக்கிறது.

"பொறகு ஏன் இவ்வளவு நாள் வரல்ல?" என்றார்.

காய்ச்சல், வேலை, விலாசம். மூன்றையும் விட்டுவிட்டேன்.

"முஸ்லிம் வீடுன்னுதான் வரலைங்க," என்றேன்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். எழும்பிப் போகச் சொன்னால் போகத் தயாராக இருந்தேன். பக்கத்தில் எங்கேயோ ஒரு த்ரீவீல் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது.

"எனக்கும் அப்படித்தான் மகள்," என்றார். "அண்டைக்கி நீங்க கேள்விய முடிக்க முந்தியே ஆமாண்டு சொன்னேனே, ஏன் தெரியுமா? கொஞ்சம் யோசிச்சா வாயில வேற வந்துரும். அந்தப் பயத்துலதான் சுறுக்காச் சொன்னேன்."

அலுமாரியைத் திறந்து சாவியை எடுத்தார். மேலே போய்ப் பாருங்க முதல்ல, உங்களுக்குப் புடிச்சாத்தானே மத்தப் பேச்சு என்று என் கையில் வைத்தார். வீடு கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது. அப்படித் துள்ளுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் மாடிப்படி ஏறினேன். அவர் கீழே நின்று, மூணாவது படி கொஞ்சம் ஒசரம், பாத்து ஏறுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.